உப்புவெளிக் கொட்டிலில் நிற்கும் மொறிஸ் மைனர் பற்றி

தாத்தாவின் மைனரை நூதனசாலைக் கார் மாதிரிக் காட்சிக்கு வைக்க, முதலில் பெயின்ற் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. முதலில் காரை மூடியிருக்கும் படங்கை எடுங்கள். கடற்காற்றின் ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். அப்புறம் கதவுகளுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டியைத் தட்டிப் பாருங்கள். மைனருக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் (சேசிஸ்) இல்லை, உடலே பாரத்தைத் தாங்குகிறது. அங்கே கறள் தின்றிருந்தால் மேலே பெயின்ற் அடித்து என்ன பயன்? வெட்டிப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் பண்ணவேண்டும்.

இயந்திரத்தை உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். தீப்பொறி தரும் பிளக்குகளைக் கழற்றி, அவை இருந்த துளைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் கழித்து இயந்திரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருக்கிறதா? அப்படியென்றால் 1956க்கு முந்திய வடிவம். பழைய பெயின்ற் ஓரளவு நன்றாயிருந்தால் அதைத் தொடவே வேண்டாம், அதுதான் அழகு.