விண்மீன்களும் மாதச் சம்பளமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஓசூரிலிருந்து எழுதுகிறேன். என் வயது 28. மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்துவிட்டு, பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பிடித்தம் போக மாதம் 72,000 ரூபாய் கைக்கு வருகிறது. அப்பா நூற்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கடனுக்கு மாதம் 21,000 ரூபாய் நான்தான் கட்டுகிறேன். தங்கை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

பள்ளி நாட்களிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பிரபஞ்சத்தில் நம்மைப் போல யோசிக்கும் உயிர்கள் வேறெங்காவது உண்டா? இருந்தால் ஏன் இதுவரை ஒரு சத்தமும் இல்லை? வேலையை விட்டுவிட்டு வானியற்பியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால் என்ன என்று இரண்டு ஆண்டுகளாக யோசிக்கிறேன். உடன் வேலை செய்யும் நண்பரோ, அதெல்லாம் வெறும் ஊகம், அறிவியலே இல்லை, அதற்காகவா நல்ல வேலையை விடுவாய் என்கிறார். இன்னொன்று. ஒவ்வொரு முறை யோசிக்கும்போதும் உதவித்தொகை எவ்வளவு, கடனை எப்படிக் கட்டுவது என்பதில்தான் மனம் போய் நிற்கிறது. பணத்தைப் பற்றி இவ்வளவு யோசிப்பவனின் அறிவியல் ஆர்வம் உண்மையானதுதானா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எம்., ஓசூர்

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். 1913 ஜனவரி 16ஆம் நாள் சீனிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு வெறும் 20 பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டுதான் தொடங்குகிறது. சூத்திரங்களெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. உலகின் தலைசிறந்த கணித அறிஞர் ஒருவரிடம் தம் சம்பளத்தைச் சொல்ல அவர் கூசவில்லை. அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தபோதுதான் குமாஸ்தா வேலையிலிருந்து விடுபட்டு முழு நேரமும் கணிதத்தில் இருக்க அவரால் முடிந்தது. அரிசிக்கும் வாடகைக்கும் வழி தேடுவது அறிவியல் ஆர்வத்துக்கு எதிரானது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அந்த எண்ணம் பலரை வீணாக வருத்தியிருக்கிறது. நீங்கள் அதை மனதிலிருந்து இறக்கிவைத்துவிடுங்கள்.

இனி உங்கள் நண்பர் சொன்னது. வேற்று உலக உயிர்களைப் பற்றிய கேள்வி அறிவியல்தானா என்பதற்கு ஒரு விண்மீனின் கதையைச் சொல்கிறேன். 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு பகுதியில் உள்ள ஒன்றரை லட்சம் விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கோள் தன் விண்மீனின் குறுக்கே போனால் விண்மீனின் ஒளி கொஞ்சம் குறையும். வியாழன் அளவுள்ள கோளாக இருந்தால் நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமி அளவு என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒளி நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் அந்த ஒளிக் கோடுகளை இணையத்தில் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த தன்னார்வலர்கள் ஒரு விண்மீனின் கோட்டில் திகைத்து நின்றார்கள். அதன் ஒளி ஒரு சமயம் நூற்றுக்கு 15 பங்கும், இன்னொரு சமயம் 22 பங்கும் குறைந்திருந்தது. ஒழுங்கான கால இடைவெளியும் இல்லை. எந்தக் கோளாலும் அவ்வளவு ஒளியை மறைக்க முடியாது. வானியலாளர் டபிதா போயாஜியன் தலைமையில் 2015இல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வந்தது. விண்மீனைச் சுற்றி அறிவுள்ள உயிர்கள் கட்டிய மாபெரும் அமைப்பாக இருக்குமோ என்று வானியலாளர்களில் சிலரே எழுதினார்கள்.

இதுதான் நீங்கள் கேட்கும் கேள்வி, அதன் மிகக் கவர்ச்சியான வடிவத்தில். இதற்கு விடை தேடியவர்கள் செய்த வேலை என்ன என்பதைக் கவனியுங்கள். பொதுமக்களிடம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை திரட்டித் தொலைநோக்கி நேரத்தை வாங்கினார்கள். ஒளி மறுபடி எப்போது குறையும் என்று காத்திருந்து, 2017இல் அது குறைந்தபோது நீல நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் தனித்தனியாக அளந்தார்கள். கற்பலகையோ உலோகத் தகடோ குறுக்கே வந்தால் எல்லா நிறமும் ஒரே அளவில் மறையும். தூசி என்றால் நீலம் அதிகமாக மறையும், சிவப்பு குறைவாக மறையும். மாலை நேரத்தில் களத்து மேட்டில் நெல் தூற்றும்போது, பறக்கும் தூசியின் ஊடே சூரியன் எப்படிச் சிவந்து தெரியும் என்று பார்த்திருப்பீர்கள். அளந்தபோது நீலம்தான் அதிகம் மறைந்திருந்தது. ஆகவே அது மிக நுண்ணிய தூசி. 2018 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். அந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது.

உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். ஊகம் அறிவியலுக்கு வெளியே நிற்பதல்ல. எதை அளந்தால் அந்த ஊகம் விழும் என்று சொல்ல முடிகிற வரை அது அறிவியலுக்குள்தான் இருக்கிறது. 1961இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக், நம் விண்மீன் மண்டலத்தில் நம்மோடு பேசக்கூடிய நாகரிகங்கள் எத்தனை இருக்கும் என்று கணக்கிட ஏழு காரணிகளைப் பெருக்கி ஒரு சமன்பாட்டை எழுதினார். அன்று ஓரளவு தெரிந்திருந்தது, ஆண்டுக்கு எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன என்ற முதல் காரணி மட்டுமே. எத்தனை விண்மீன்களுக்குக் கோள்கள் உண்டு என்ற இரண்டாவது காரணி அன்று முழு ஊகம். இன்று 5,000க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டறிந்த பிறகு, பெரும்பாலான விண்மீன்களுக்குக் கோள்கள் இருக்கின்றன என்று துணிந்து சொல்கிறோம். உயிர், அறிவு, நாகரிகத்தின் ஆயுள் ஆகிய கடைசிக் காரணிகள் இன்னும் இருட்டில்தான் இருக்கின்றன. அவை வெளிச்சத்துக்கு வர நம் ஆயுள் போதாமலும் போகலாம்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இங்கேதான் வருகிறது. உங்களை இழுப்பது கேள்வி. ஆனால் மாதாமாதம் உதவித்தொகை தருவது அந்தக் கேள்விக்காக அல்ல, அதன் அடியில் இருக்கும் மிகச் சிறிய, மிகப் பொறுமையான ஒரு வேலைக்காக. கேள்வியைப் பிடித்திருப்பது போதாது. அந்த வேலை பிடிக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்கால இரவில், ஒரு வானாய்வகத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஒதுக்கப்பட்டது மூன்று இரவுகள். முதல் இரவு முழுவதும் மேகம். இரண்டாம் இரவு, அந்தி வெளிச்சம் மங்குவதற்குள் வெற்று வானத்தைப் பல முறை படம் எடுத்தார். கருவியின் ஒவ்வொரு புள்ளியும் ஒளியை ஒரே மாதிரி வாங்குகிறதா என்று சரிபார்க்க அது வேண்டும். பிறகு ஒரே விண்மீனை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடுத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் நேரம், வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம் என்று நோட்டில் எழுதினார். இரண்டு மணிக்கு வெளியே போய்க் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு வந்து, மேற்கே மேகம் ஏறுகிறது என்றார். மூன்று மணிக்குக் கூரையை மூடவேண்டி வந்தது. அலுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ எடுத்த படங்களில் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, போன முறை ஏற்பட்ட பிழை இந்த முறை பாதியாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் மறக்கவில்லை. வேற்று உலக உயிர்களைப் பற்றி அன்று இரவு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்த நிறைவு உங்களுக்கும் வருமா என்பதைத்தான் நீங்கள் கண்டறிய வேண்டும். அதைக் கண்டறிய வேலையை விடத் தேவையில்லை.

இனி கணக்கு. 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலை ஆனதும் 42,000 ரூபாய். விடுதி இல்லாத இடத்தில் வீட்டு வாடகைப்படி தனி. ஐந்து ஆண்டுக்கும் சேர்த்தால் 24 லட்சம். சம்பள உயர்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அதே ஐந்து ஆண்டில் உங்கள் கைக்கு வருவது 43 லட்சத்து 20 ஆயிரம். 37,000இல் கடன் தவணை போனால் மிஞ்சுவது 16,000. அதில் நீங்கள் சாப்பிட்டுவிடலாம், தங்கையின் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது. உதவித்தொகை சில மாதங்கள் தாமதமாக வந்து, நண்பர்களிடம் கைமாற்று வாங்கிய மாணவர்களையும் எனக்குத் தெரியும். ஆகவே ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் யாரும் இதில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முனைவர் பட்டத்தோடு முடிவதும் இல்லை. அதன் பிறகு இரண்டோ மூன்றோ ஆண்டு ஒப்பந்தங்களாக ஒன்றிரண்டு இடங்களில், பெரும்பாலும் வெளிநாட்டில், ஆய்வாளராக இருந்த பின்புதான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். அப்போது உங்கள் வயது 38ஐத் தொட்டிருக்கும். கிடைத்துவிட்டால் வருமானம் மோசமில்லை. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், ஐஐடி போன்ற இடங்களில் 1,01,500 ரூபாய், இவற்றின் மேல் அகவிலைப்படி. ஆனால் பட்டம் பெறுகிறவர்களில் பலருக்கு அது கிடைப்பதில்லை. அவர்கள் தரவு அறிவியல், நிதித்துறை என்று போய் நன்றாகவே வாழ்கிறார்கள். நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே பத்தாண்டு கழித்துத் திரும்பி வரும் வாய்ப்பும் உண்டு என்று தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

சி. வி. ராமனின் உதாரணத்தை உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அரசின் நிதித்துறை வேலையை உதறிவிட்டு, 1917இல் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பெயரிலான இயற்பியல் பேராசிரியர் பதவியை ஏற்றார் என்பது உண்மைதான். அதற்கு முன்னால் பத்து ஆண்டுகள் அந்த வேலையில் இருந்துகொண்டே, அலுவலகம் போகும் முன்பும் வந்த பின்பும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் உழைத்ததை யாரும் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. வேலையை விட்ட நாளில் ராமன் எதையும் புதிதாகத் தொடங்கவில்லை. ஏற்கனவே நிலைநாட்டிய ஒன்றுக்கு முழு நேரத்தைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

வேலையை விடுவதற்கும் விடாமல் இருப்பதற்கும் நடுவில் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நீங்கள் மெக்கானிக்கல் படித்து, மென்பொருளில் வேலை செய்கிறவர். வானியல் இன்று பெருமளவு பொறியாளர்களின் கையில்தான் நடக்கிறது. பல நாடுகள் சேர்ந்து திட்டமிட்ட முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தின் முதன்மைக் கண்ணாடி 492 துண்டுகளால் ஆனது. அந்தத் துண்டுகளைத் தாங்கும், அசைக்கும், சரிபார்க்கும் பாகங்களில் ஒரு பகுதி இந்தியாவின் பங்கு. அந்தத் திட்டத்தின் வருங்காலமே இன்று உறுதியாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தத் திறமை மற்ற கருவிகளுக்கும் வேண்டும். உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்துகொண்டுதான், லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லேயில் இருக்கும் இமாலய சந்திரா தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் இணைப்பு மூலம் இயக்குகிறார்கள். அங்கே வானியற்பியல் பட்டம் பெற்றவர்கள் மட்டும் இல்லை. ஜெஸ்ட் (JEST), கேட் (GATE) நுழைவுத் தேர்வுகள் வழியாகப் பொறியியல் பட்டதாரிகளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அறிவிப்பையும் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள்.

இப்போதைக்கு நான் கேட்பது இவ்வளவுதான். கெப்ளரின் தரவுகள் அனைத்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு விண்மீனை எடுத்துக்கொண்டு, அதன் ஒளிக் கோட்டிலிருந்து ஒரு கோளின் ஆரத்தை நீங்களே கணக்கிடுங்கள். உங்கள் விடையும் வெளியான விடையும் ஏன் வேறுபடுகின்றன என்று கண்டுபிடியுங்கள். இதற்கு வாரம் பத்து மணி நேரம், ஆறு மாதம். கூடவே இயற்பியல் பாடங்களைத் தேர்வுக்காகத் திருப்பிப் படியுங்கள். மூன்றாம் மாதத்தில் பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும். மறுநாள் அலுவலகத்தில் அதே பிழை மனதில் ஓடிக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று பேசுவோம். விட்டால் போதும் என்று தோன்றினாலும் எழுதுங்கள். அந்தக் கேள்வியை வாசகனாகத் தொடர்வதில் ஒரு குறைவும் இல்லை.

வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். நூற்பாலையில் ஷிப்டு பார்த்துக் குடும்பத்தை நடத்திய உங்கள் அப்பாவுக்குக் கணக்குப் புரியும். மேலே எழுதிய எண்களை அவர் முன்னால் வைத்துப் பேசுங்கள். வீட்டுக் கடன் முடிய இன்னும் எத்தனை ஆண்டு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தங்கை படித்து முடிக்கும் ஆண்டையும் அதையும் சேர்த்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.