இறுகிப்போன போர்க் மூடி: கேட்டதும் சொன்னதும்

பழைய மோட்டார் சைக்கிளின் முன் போர்க்கின்ரை (முன் சில்லைப் பிடிக்கிற இரட்டைக் குழாய்) மேல் மூடி கறள் பிடிச்சு அசையாமல் நிக்கிறதைப் பற்றிக் கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன். கேக்கிற ஆக்கள் ஊர்ப்பேரோடை மொடலையும், மூடி இரும்போ அலுமினியமோ எண்டதையும் எழுதுங்கோ. காந்தம் ஒட்டினால் இரும்பு.

கொக்குவில்: அண்ணை, பழைய ஹொண்டா 250. ஒயில் சீல் ஒழுகுது. இரும்பு மூடி, வெளியிலை ஆறுமூலைத் தலை. 2 அடி பைப் போட்டுத் திருப்பியும் அசையேல்லை.

பைப்பை முதல் கீழை வையுங்கோ தம்பி. இரண்டு போர்க் குழாயையும் மேலையும் கீழையும் ஒவ்வொரு தட்டு பிடிச்சிருக்கு. மேல் தட்டிலை குழாயைச் சுத்திப் பிடிக்கிற போல்ட் ஒண்டு இருக்கும். அதைத் தளர்த்தினீங்களோ? அது இறுகியிருந்தால் குழாயை நெரிச்சு, குழாய் மூடியின்ரை புரியை நெரிக்கும். கறள் எண்டு நினைக்கிறதிலை பாதி அந்த நெரிசல்தான். மேல் போல்டை நல்லாத் தளர்த்துங்கோ, கீழ்த் தட்டுப் போல்ட் இறுக்கமாய் இருக்கட்டும். இல்லாட்டில் மூடியோடை குழாயும் சேர்ந்து சுத்தும்.

அடுத்தது ஹாண்டிலைக் கழட்டி ஒதுக்குங்கோ. ஸ்பனர் சரிஞ்சு பிடிச்சால் தலை வழுக்கிப் போகும். மூடியைச் சுத்தியுள்ள ஊத்தையைக் கம்பித் தூரிகையாலை எடுத்து, ஏ.ரி.எவ். (ஓட்டோ கியர் வண்டிக்கு விடுற) ஒயிலும் அசிற்றோனும் சரிபாதி கலந்து விளிம்பிலை விடுங்கோ. இரண்டும் தானாய்க் கலந்து நிக்காது, ஒவ்வொரு தரமும் குலுக்கித்தான் விடோணும். பின்னேரம் ஒருக்கால், படுக்கேக்கை ஒருக்கால், விடிய ஒருக்கால். அசிற்றோன் பெயின்ற்றைத் தின்னும், பெற்றோல் தாங்கிக்கு மேலை துணி போடுங்கோ.

சொக்கற் ஆறுமூலையாய் இருக்கோணும், பன்னிரண்டு மூலை வேண்டாம். சொக்கற் வாய் உள்ளுக்குச் சரிவாய் வெட்டியிருக்கும். மூடித் தலையின்ரை உயரமோ கொஞ்சம்தான், அந்தச் சரிவாலை பிடி பாதியாய்க் குறையும். லேத்திலை குடுத்து வாயைத் தட்டையாய்ச் சீவுவியுங்கோ. பிறகு மூடிக்கு மேலை பித்தளைத் துண்டை வைச்சுச் சுத்தியலாலை நேர் கீழ்நோக்கி நாலைஞ்சு தரம் தட்டி, முதல் கொஞ்சம் இறுக்கிற பக்கம், பிறகு கழட்டிற பக்கம் திருப்புங்கோ.

அசைஞ்ச உடனை நிப்பாட்டுங்கோ. இவ்வளவும் சில்லு நிலத்திலை நிக்கேக்கைதான். முழுக்கக் கழட்ட முதல் எஞ்சினுக்குக் கீழை பலகை வைச்சு ஜக் அடிச்சு முன் சில்லைத் தூக்கோணும். சில்லு நிலத்திலை இருக்க மூடி வெளியாலை வந்தால் வண்டி முன்னுக்குக் குந்தும், ஸ்பிறிங் மூடியை எறியும். தூக்கினாலும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும். முகத்தை விலத்தி, உள்ளங்கையாலை சொக்கற்றை அமத்திக்கொண்டு கடைசிப் புரியைக் கழட்டுங்கோ.

நல்லூர்: எனக்கும் இதே பிரச்சினை, சுசுக்கி. என்ன செய்யலாம்?

மேலை சொன்னதுதான். மேல் தட்டுப் போல்ட்.

சாவகச்சேரி: ஹொண்டா சி 50க்கு போர்க் மூடி எங்கை இருக்கு அண்ணை?

இல்லை. சி 50, சி 70, சி 90 மூண்டுக்கும் தகட்டுப் போர்க். சொக் அந்தத் தகட்டுக் காலுக்குள்ளை இருக்கு. கழட்டவும் ஒண்டுமில்லை, ஒயில் மாத்தவும் ஒண்டுமில்லை. கீழ்ப் புஷ்ஷைப் பாருங்கோ.

மானிப்பாய்: பழைய யமஹா. மூடியிலை ஸ்பனர் பிடிக்கவே இடமில்லை. உளி வைச்சு அடிக்கலாமோ?

உளியைத் தொடாதேங்கோ! அது புரி மூடியே இல்லாமல் இருக்கலாம். றபர் மூடியை எடுத்துப்போட்டு உள்ளுக்கு ரோச் அடிச்சுப் பாருங்கோ. விளிம்பைச் சுத்திக் கம்பி வளையம் தெரிஞ்சால், அந்த வளையம்தான் அடைப்பைப் பிடிச்சிருக்கு. சில்லைத் தூக்கி, ஒராள் தடிச்ச கம்பியாலை அடைப்பைக் கீழை அமத்த, மற்றாள் சின்ன ஸ்குறூ டிறைவராலை வளையத்தைக் கிளப்போணும். தனிய செய்யிற வேலை இல்லை.

ஊர்காவற்றுறை: அலுமினிய மூடி. உள் ஆறுமூலை, 17 மில்லிமீற்றர். சுத்திவர வெள்ளை மாப்போலை கிடக்கு. 17 அலன் சாவி இல்லை.

அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்க உப்புத் தண்ணி இடையிலை நிண்டால் அலுமினியம்தான் கரையும். கரைஞ்சு வாற மா, அலுமினியத்தை விடக் கூட இடம் பிடிக்கும். அதாலைதான் புரி இறுகுது. கடல் காத்தோடை, உவர்க் கிணத்துத் தண்ணியாலை வண்டி கழுவிறதும் காரணம். அந்த 17 மில்லிக் குழிக்குள்ளை தண்ணி தேங்கி நிக்கும்.

சாவிக்கு வழி: 17 மில்லித் தலையுள்ள 10 மில்லிப் போல்ட் எடுங்கோ. ஜப்பான் வண்டிப் போல்டிலை தலை 14 ஆய் இருக்கும், அது சரிவராது. போல்டிலை இரண்டு நட்டை ஒண்டோடை ஒண்டு இறுக்கிப் பூட்டி, தலையைக் குழிக்குள்ளை விட்டு, மேல் நட்டிலை சொக்கற் போட்டுத் திருப்புங்கோ. மேல் நட்டு இறுக்கிற பக்கம் தாங்கும், கழட்டிற பக்கம் இளகலாம். அதாலை நட்டுகளைப் போல்டோடை ஒரு பொட்டு வெல்டிங் வையுங்கோ. குழிக்கடி ஊத்தையை முதல் கிண்டி எடுக்காட்டில் தலை முழுக்க இறங்காது, மூலை உருளும்.

வல்வெட்டித்துறை: உவ்வளவு கரைச்சல் ஏன்? காஸ் ரோச்சாலை சூடு காட்டினால் கழண்டிடும். எல்லாக் கராஜிலும் அப்பிடித்தான்.

எந்த மூடிக்கு எண்டு சொல்லேல்லை. மூடியும் குழாயும் இரும்பெண்டால் குழாயைச் சூடாக்கிறதிலை நியாயம் இருக்கு. ஆனால் நெருப்பு வேண்டாம், ஹொட் எயர் கன் (சூடான காத்து ஊதிற கருவி) காணும். பெற்றோல் தாங்கி ஒரு சாண் தள்ளித்தான் இருக்கு. குழாய்க்குள்ளை ஒயிலும் காத்தும் அடைபட்டிருக்கு. அசிற்றோன் விட்ட இடத்திலை நெருப்பைக் காட்டினால் என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை.

சுன்னாகம்: சூடாக்கினால் அலுமினியம் இன்னும் கூட விரியும், இறுகத்தானே செய்யும்? வல்வெட்டித்துறை அண்ணை சொல்லுறது பிழை.

சரியாய்ப் பிடிச்சீங்கள். ஒரு பாகை சூட்டுக்கு அலுமினியம் பத்து லட்சத்திலை 23 பங்கு விரியும், இரும்பு 12 பங்கு. 30 மில்லி மூடியையும் குழாயையும் சேர்த்து 100 பாகை ஏத்தினால் மூடி 0.07 மில்லி, குழாய் 0.036 மில்லி. இடைவெளி கூடாது, குறையும்.

வல்வெட்டித்துறை: அப்ப சூடு காட்டிக் கழட்டினவை எல்லாம் பொய்யோ?

பொய்யில்லை. அவை கழட்டினது சூட்டிலை இல்லை, ஆறேக்கை. விரிஞ்சு சுருங்கேக்கை அந்த வெள்ளை மா வெடிக்கும், வெடிப்புக்குள்ளை ஒயில் இறங்கும். அதாலை சூடாக்கி, கை வைக்கக் கூடிய அளவுக்கு ஆறவிட்டு, அசிற்றோன் கலக்காத ஒயில் விட்டு, திரும்பவும். இரண்டு மூண்டு சுற்று. மற்ற வழி, மூடிக் குழிக்குள்ளை ஐஸ் கட்டி வைச்சு, வெளியிலை குழாயை மட்டும் கெதியாய்ச் சூடாக்கி உடனை திருப்பிறது. மூடிக்குச் சூடு போக முதல் திருப்போணும்.

இன்னொண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. புரி இருக்கிற இடத்தை மேல் தட்டு மூடியிருக்கும், அதிலை சூடு காட்டினால் தட்டுத்தான் சூடேறும். முன் சில்லைத் தூக்கி, இரண்டு தட்டுப் போல்டையும் தளர்த்தி, குழாயை மேல் தட்டுக்குக் கீழை இறக்கி, கீழ்ப் போல்டை மட்டும் திரும்ப இறுக்குங்கோ. நெரிசலும் போகும், குழாயும் வெளியிலை தெரியும்.

சுன்னாகம்: ஹொட் எயர் கன் இல்லாதவை கொதிதண்ணி ஊத்தலாமோ?

துணி சுத்தி ஊத்தலாம். சூடு காணாது, ஆனால் ஒண்டும் கெடாது.

கோண்டாவில்: மூடி அசையேல்லை அண்ணை, இம்பக்ற் கன் (அடிச்சு அடிச்சுத் திருப்பிற மெசின்) போடலாமோ?

மேல் தட்டுப் போல்ட்! அதுக்குப் பிறகு இரும்பு மூடியெண்டால் போடலாம், குறைஞ்ச வேகத்திலை. அலுமினிய மூடிக்கு வேண்டாம், குழி உருளும்.

பருத்தித்துறை: தலை முழுக்க வழுக்கிப்போச்சு. இரும்பு மூடி.

மேலை ஒரு நட்டை வெல்ட் பண்ணுங்கோ. போர்க்கை வண்டியிலை இருந்து கழட்டி, அடியிலை ஒயிலை வடிச்சு, பிறகுதான் வெல்டிங். வண்டியிலை வைச்சுச் செய்தால் பற்றறியும் சி.டி.ஐ.யும் (பிளக்குக்கு மின்பொறி குடுக்கிற பெட்டி) கதை முடிஞ்சுது. வெல்டிங் சூட்டிலை விரிஞ்ச மூடி ஆறேக்கை சுருங்கி இளகும், ஆறவிட்டுத் திருப்புங்கோ. புது மூடியைக் கையிலை வைச்சுக்கொண்டு தொடங்குங்கோ. மூடியிலை இருக்கிற ஓ-றிங்கும் (றபர் வளையம்) கருகியிருக்கும்.

உரும்பிராய்: மூடி சுத்துது, மேலை வருது, ஆனால் கழண்டு வரேல்லை.

உள்ளுக்கு டாம்பர் (துள்ளலை அடக்கிற) கம்பி மூடியோடை பூட்டியிருக்கு. மூடியைத் தூக்கிப் பிடிச்சால் கீழை பூட்டு நட்டுத் தெரியும், அதைப் பிடிச்சுக்கொண்டு மூடியைக் கழட்டுங்கோ. இழுத்துப் பிடுங்காதேங்கோ.

நீர்வேலி: போர்க் மூடி கழட்ட எது நல்ல ஒயில்?

கொக்குவிலுக்குச் சொன்னதை வாசியுங்கோ.

கிளிநொச்சி: கழட்டியாச்சு. திரும்பப் பூட்டேக்கை என்ன கவனிக்கோணும், ஒயில் எவ்வளவு?

புரியைத் தூரிகையாலை துடைச்சு, புது ஓ-றிங், மெல்லிசாய்க் கிறீஸ். மூடியை அமத்தி முதல் எதிர்ப்பக்கம் சுத்துங்கோ. டிக் எண்டு புரி விழுந்த பிறகு சரிப்பக்கம். மெல்லிய புரி, பிழையாய் ஏறினால் குழாயே போச்சு. மூடியை இறுக்கின பிறகுதான் மேல் தட்டுப் போல்டை இறுக்கோணும்.

ஒயில் அளவு மொடலுக்கு மொடல் வேறை, மனுவலிலை பாருங்கோ. வடிச்சதை அளந்து அதே அளவு விடாதேங்கோ, சீல் ஒழுகினதிலை அது ஏற்கெனவே குறைஞ்சிருக்கும். மனுவலிலை மட்டம் குடுத்திருந்தால் ஸ்பிறிங்கை வெளியிலை எடுத்து, போர்க்கை அடிவரை அமத்தி, குழாய் வாயிலிருந்து ஒயில் வரை அடிமட்டத்தாலை அளவுங்கோ. இரண்டு காலிலும் ஒரே மட்டம் வரோணும். பிறேக் ஒயில் விடாதேங்கோ.