முற்றத்துக்குக் கல் பதிக்கலாமா? யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டு வேலைகளை மேற்பார்வை செய்யத் தொடங்கி இருபத்தைந்து வருடமாகிறது. இப்போது என்னிடம் அதிகம் கேட்கப்படுவது முற்றத்துக்கு இயற்கைக் கல் பதிப்பது பற்றித்தான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இணுவிலில் இருந்து: அண்ணை, முன் முற்றம் 400 சதுர அடி. முழுக்கக் கொங்கிறீட் போட்டு அதன்மேல் கல் ஒட்டச் சொல்கிறார் மேசன். மண்ணில் வைத்தால் இளகிவிடுமாம். உண்மையா?

தம்பி, வெறும் மண்ணில் வைத்தால் இளகும், அது உண்மை. ஆனால் கொங்கிறீட்டை விட்டால் வேறு வழியில்லை என்பது சரியில்லை. அடித்து இறுக்கிய சல்லிப் படுக்கையில் கல்லைப் பதிக்கலாம்.

நமக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் தங்குகிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அந்தத் தண்ணீரைத்தான். வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை என்று வைத்துக்கொண்டால், உங்கள் முற்றத்தில் மட்டும் 44,000 லீற்றருக்கு மேல் விழுகிறது. கொங்கிறீட் போட்டால் அதில் பெரும்பகுதி ஒழுங்கைக்கு ஓடிவிடும். கோடையில் கிணறு வற்றும்போது அந்தத் தண்ணீரை யாரிடம் கேட்பது? இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வேலை இப்படி. புல்லையும் வேரையும் மேல்மண்ணையும் எடுத்து, ஏழரை அங்குலம் வரை தோண்டுங்கள். அடிமண்ணை நனைத்து இறுக்குங்கள். பிறகு தூள் கலக்காத முக்கால் அங்குலச் சல்லியை இரண்டு அங்குலம் பரப்பி, மெஷினால் இறுக்கி, மேலே இன்னும் இரண்டு அங்குலம் பரப்பி இறுக்க வேண்டும். நான்கு அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டி இறுக்கினால் அடிப்பகுதி இறுகாது. அதன்மேல் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் கால் அங்குலச் சிப்ஸ், அதாவது பொடிச் சல்லி. இங்கே மணல் வேண்டாம். மாரியில் மணல் சல்லி இடுக்குகளுக்குள் இறங்கிவிடும், கல்லும் தாழும். கல் இரண்டு அங்குலத் தடிப்பு இருக்கட்டும். இடைவெளிகளையும் சிப்ஸாலேயே நிரப்புங்கள். சீமெந்து தேவைப்படுவது சுற்று ஓரத்துக்கு மட்டும்தான். ஓரக்கல்லைச் சீமெந்துக் கலவையில் நிறுத்தாவிட்டால் முழு முற்றமும் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் விரியும்.

கார் ஏறும் இடமென்றால் சல்லி எட்டு அங்குலமும் கல் மூன்று அங்குலமும் வேண்டும், அந்த அளவுக்கு ஆழமாகத் தோண்டுங்கள்.

கோண்டாவிலில் இருந்து: கருங்கல், கடப்பா, நம்மூர்ச் சுண்ணாம்புக்கல், இதில் எது நல்லது?

என் தெரிவு கருங்கல். குடாநாட்டுக்குள் கருங்கல் கிடையாது, வன்னிப் பக்கம் இருந்து வர வேண்டும். ஏற்றுக்கூலி கூடும், ஆனால் அதிகம் தண்ணீர் குடிக்காத, தேயாத கல்.

கடப்பா கறுப்பாக வடிவாக இருக்கும். கறுப்பாக இருப்பதால் பலர் கருங்கல் என்றே நினைத்து வாங்குகிறார்கள். அதுவும் சுண்ணாம்புக்கல் வகைதான். ஒரு துண்டில் தேசிக்காய்ப்புளி இரண்டு சொட்டு விட்டுச் சில நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள், பளபளப்புப் போய் வெளிறிய தடம் தெரியும். கழுவ அசிட் ஊற்றினால் முழு முற்றமும் அப்படியாகிவிடும். அப்புறம், சித்திரை வெயிலில் மத்தியானம் கறுப்புக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

நம்மூர்க் கல் துளைகள் நிறைந்தது. ஈரம் பிடிக்கும், ஒரே மாரியில் பாசி படரும். அதைவிடப் பெரிய காரணம், நிலத்தடித் தண்ணீரைத் தாங்கி நிற்பதே அந்தக் கல்தான், அதைத் தோண்டி எடுப்பது நம் கிணற்றுக்கே கேடு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காகத் தோண்டிய குழிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். உங்கள் வளவிலேயே இடிந்த பழைய சுவர்க் கல் கிடந்தால் நடைபாதைக்குப் போடுங்கள். புதிதாகத் தோண்டிய கல்லை வாங்காதீர்கள்.

வேலணையில் இருந்து: பக்கத்து வீட்டில் கல் பதித்து ஒரு வருடத்தில் வெள்ளை பூத்து, மேல்தோல் உரிகிறது. எங்களுக்கும் அப்படி வருமா?

அது உப்பு. உவர் ஈரம் கல்லுக்குள் ஏறி, தண்ணீர் காய்ந்து, உப்பு மட்டும் துளைகளில் கட்டியாகிறது. அந்தக் கட்டி வளர வளரக் கல்லின் தோலைத் தள்ளும். தீவுப்பகுதியில் துளையுள்ள கல்லே வேண்டாம். வாங்கும் முன் கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சி, கல் கறுத்துப் போனால் விட்டுவிடுங்கள். கடல் மணலையும் உவர்க் கிணற்றுத் தண்ணீரையும் ஓரத்துக்குப் போடும் கலவையிலும் சேர்க்கக் கூடாது. வெள்ளை பூத்தால் முதலில் காய்ந்தபடியே தும்புத்தடியால் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும்.

பருத்தித்துறையில் இருந்து: அம்மாவுக்கு 74 வயது. வழுக்குமா?

பொலிஷ் செய்த கல் நனைந்தால் கட்டாயம் வழுக்கும், தங்கச்சி. கொத்திய முகம் அல்லது நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய முகம் கேளுங்கள். கிணற்றடிக்கும் அதேதான்.

சுன்னாகத்தில் இருந்து: விறாந்தை மட்டத்துக்கே முற்றத்தையும் உயர்த்தினால் படி இல்லாமல் நடக்கலாமே?

வேண்டாம். என் சொந்த வீட்டில் அப்படிச் செய்து, அடுத்த மாரியிலேயே முன் அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியது. பூச்சு முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டி வந்தது. ஈரம் மேலே ஏறாமல் தடுக்கச் சுவருக்குள் டிபிசி என்று தார்ப்படை போட்டிருப்பார்கள், முற்றம் அதற்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். வீட்டில் இருந்து வெளிப்பக்கமாகப் பத்து அடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் கொடுங்கள். கூரைப் பீலித் தண்ணீர் நேரே கல்லில் விழாமல் மரத்தடிப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ படி ஏறக் கஷ்டமென்றால் ஒரு பக்கத்தில் சாய்தளம் வைக்கலாம்.

உரும்பிராயில் இருந்து: தைப்பொங்கலுக்குக் கல்லின் மேலேயே அடுப்பு மூட்டலாமா?

மூட்டாதீர்கள். ஒரே இடம் சூடேறினால் கருங்கல்லும் வெடித்துச் செதில் செதிலாகக் கிளம்பும். கிழக்குப் பார்த்த பக்கம் நான்கடிக்கு நான்கடி மண்ணாகவே விடுங்கள். அதைச் சாணத்தால் மெழுகி, கோலம் போட்டு, பானை வைக்கலாம். கல் பதிக்கும் எல்லோருக்கும் இதை நான் கேளாமலே சொல்வேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வந்து நிற்கும்போது மண்ணில் பொங்கும் பொங்கல் தனிச் சந்தோசம். மற்ற நாட்களில் அந்த இடத்தில் ஒரு துளசி மாடமும் வைக்கலாம்.

கொடிகாமத்தில் இருந்து: எந்த மாதம் தொடங்குவது?

மாசி, பங்குனியில் தொடங்கினால் நல்லது. எப்படியும் புரட்டாதிக்குள் முடித்துவிடுங்கள். முதல் பெரிய மழைக்குக் குடையோடு வெளியே வந்து, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தில் கல்லைக் கிளப்பி, கீழே சிப்ஸ் போட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டித் திரும்ப வைக்கலாம். சீமெந்தில் ஒட்டாத கல் என்பதால் அரை நாள் வேலைதான்.