கண்ணுல படாம கழியுற காசு: ஃபண்டு கேள்வி பதில்

கேள்வி: மியூச்சுவல் ஃபண்டு கட்டணத்தை செபி குறைச்சிடுச்சுன்னு பேப்பர்ல பார்த்தேன். எங்க ஏஜென்ட் தம்பிகிட்ட கேட்டா "அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்ல சார்"னு சிரிக்கிறார். ரிட்டயர்மென்ட் காசு பத்து லட்சம் ஈக்விட்டி ஃபண்டுல கெடக்கு. எனக்கு என்ன மிச்சம்?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: தம்பி சொன்னது பாதி சரி சார். 2025 டிசம்பர் 17-ஆம் தேதி ஷேர் மார்க்கெட்டையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கிற செபியோட போர்டு 1996-ல வந்த பழைய விதிமுறைகளைத் தூக்கிட்டு புதுசா ஒண்ணுக்கு ஓகே சொல்லுச்சு, 2026 ஏப்ரல் 1-லேர்ந்து அதுதான் சட்டம். அதுல ஈக்விட்டி ஃபண்டு, அதாவது ஷேர்ல போடுற ஃபண்டு, தன்கிட்ட இருக்கிற மொத்தக் காசுல முதல் 500 கோடி வரைக்கும் வருஷத்துக்குப் பிடிக்கிற கட்டண உச்சவரம்பு 2.25 சதவீதத்துலேர்ந்து 2.10 ஆயிருக்கு. நிஃப்டி மாதிரி குறியீட்டை அப்படியே பின்பற்றுற இண்டெக்ஸ் ஃபண்டுக்கு 1-லேர்ந்து 0.90. உங்க பத்து லட்சத்துக்கு 0.15-ன்னா வருஷத்துக்கு 1,500 ரூபாதானேன்னு கணக்கு போட்டுடாதீங்க, ஏன்னா முன்னாடி அந்த 2.25-க்குள்ளயே சில வரிகளும் அடங்கி இருந்துச்சு, இப்ப ஜிஎஸ்டி, ஷேர் வாங்கி விக்கிறதுக்கான எஸ்டிடி வரி, ஸ்டாம்ப் டூட்டி எல்லாத்தையும் வெளிய எடுத்து தனியா காட்டச் சொல்லிட்டாங்க, அதனால குறைஞ்சதுல ஒரு பங்கு இந்த பாக்கெட்லேர்ந்து அந்த பாக்கெட்டுக்குப் போனதுதான். அதோட இது உச்சவரம்பு. உங்க ஃபண்டு பெரிய ஃபண்டா இருந்தா ஏற்கனவே இதைவிடக் கம்மியாத்தான் பிடிச்சிட்டு இருக்கும்.

ஆனா நிஜமாவே குறைஞ்சது ஒண்ணு இருக்கு, அதைத்தான் யாரும் பேச மாட்டேங்கிறாங்க. ஃபண்டு கம்பெனி ஷேர் வாங்கி விக்கும்போது புரோக்கருக்குக் கொடுக்கிற கமிஷன் இருக்கே, அதையும் நம்ம தலையிலதான் எழுதுவாங்க. ஒரு லட்சத்துக்கு ஷேர் வாங்கினா வரி போக சுமார் 86 ரூபா வரைக்கும் எழுதலாம்னு இருந்துச்சு, இப்ப 60-க்கு மேல கூடாது. 2025 அக்டோபர்ல வெளியிட்ட முதல் வரைவுல செபி கேட்டது வெறும் 20 ரூபாங்க! மறுநாளே ஃபண்டு கம்பெனி ஷேரும் புரோக்கிங் கம்பெனி ஷேரும் மடமடன்னு இறங்குச்சு. செபி கேட்ட கேள்வி நியாயமானது, எந்த ஷேரை வாங்கலாம்னு ஆராய்ச்சி பண்றதுக்குத்தானே மேனேஜ்மென்ட் ஃபீஸ் வாங்குறீங்க, அப்புறம் புரோக்கர் கொடுக்கிற ரிசர்ச் ரிப்போர்ட்டுக்கும் சேர்த்து கமிஷன்லயே இன்னொரு தடவை ஏன் வாங்குறீங்கன்னு. கம்பெனிங்க ரிசர்ச் இல்லாம நல்லா நடத்த முடியாதுன்னு மன்றாடி 60-ல கொண்டாந்து நிறுத்திட்டாங்க. என்னைக் கேட்டா 20-லயே நின்னிருக்கணும்.

இதெல்லாம் பாஸ்புக்ல டெபிட்னு வராது சார், தினமும் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டோட விலை, போடும்போதே கழிச்சிட்டுத்தான் போடுவாங்க. ஒரே ஒரு இடத்துல மட்டும் ரூபாயாவே தெரியும். மார்ச், செப்டம்பர் முடிஞ்சதும் உங்க எல்லா ஃபண்டையும் ஒண்ணாக் காட்டுற சிஏஎஸ் ஸ்டேட்மென்ட் ஒண்ணு வரும், அதுல உங்க ஏஜென்ட்டுக்குப் போன கமிஷன் இவ்வளவுன்னு ஒரு கட்டம் இருக்கும். கண்ணாடியைப் போட்டுட்டு அதைத் தேடுங்க. அடுத்த தடவை தம்பி சிரிச்சா நீங்களும் சிரிக்கலாம்.

கேள்வி: கட்டணத்தைக் குறைக்க எல்லாத்தையும் ஏஜென்ட் இல்லாத டைரக்ட் பிளானுக்கு மாத்திடலாமா? அஞ்சு வருஷமா மாசாமாசம் எஸ்ஐபி போடுறேன்.
(எக்ஸ்போர்ட் கம்பெனி ஊழியர், திருப்பூர்)

பதில்: அவசரப்படாதீங்க. டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலேர்ந்தே இருக்கு, ஏஜென்ட் கமிஷன் இல்லாததால செலவு கம்மி, பல ஈக்விட்டி ஃபண்டுல அந்த வித்தியாசம் இப்ப செபி குறைச்சதைவிடப் பெருசு. ஆனா ஏஜென்ட் வழியா போட்ட ரெகுலர் பிளான்லேர்ந்து டைரக்டுக்கு மாத்துறதை வருமானவரிக்காரங்க வித்துட்டு வாங்கினதாத்தான் பார்ப்பாங்க. ஒரு வருஷம் தாண்டின ஈக்விட்டி யூனிட்டுக்கு வருஷத்துல 1.25 லட்சத்துக்கு மேல வர்ற லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி, ஒரு வருஷம் ஆகாததுக்கு 20. அதனால புது எஸ்ஐபியை டைரக்ட்ல ஆரம்பிச்சிடுங்க, பழசை அந்த 1.25 லட்சத்தை மனசுல வெச்சு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துங்க. மார்க்கெட் விழுந்தப்ப "விக்காதீங்க"ன்னு போன் பண்ணி உங்களைப் பிடிச்சு வெச்ச ஏஜென்ட்டா இருந்தா அவர் வாங்கின கமிஷன் தகும்னுதான் சொல்வேன்.

கேள்வி: சின்ன கம்பெனி ஷேர்ல போடுற ஸ்மால் கேப் ஃபண்டுக்கு ஸ்ட்ரெஸ் டெஸ்ட்னு ஒண்ணு போடுறாங்களே, அதை நம்பலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: 2024 மார்ச்லேர்ந்து மாசாமாசம் போடுறாங்க மேடம். எல்லாரும் ஒரே நேரத்துல காசைக் கேட்டா கையில இருக்கிற ஷேர்ல பாதியை விக்க எத்தனை நாள் ஆகும்ங்கிற கணக்கு. முதல் தடவை வந்தப்போ சில ஃபண்டுக்கு ரெண்டு மூணு நாள், பெரிய ஃபண்டு ஒண்ணுக்கு ரெண்டு மாசம். ஒண்ணு மட்டும் கவனிங்க, விக்கிறதுக்கே கஷ்டமான அடிமட்ட 20 சதவீத ஷேரை ஒதுக்கிட்டுத்தான் இந்தக் கணக்கையே போடுறாங்க. பரீட்சையில கஷ்டமான கேள்வியை அடிச்சிட்டு மார்க் போட்ட மாதிரி. இருந்தாலும் இல்லாததுக்கு இது மேல், 2020 ஏப்ரல்ல ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் கம்பெனி, கடன் பத்திரத்துல போடுற ஆறு ஃபண்டுகளை திடுதிப்புனு மூடினப்போ மாட்டினவங்களுக்கு முன்கூட்டியே இந்த மாதிரி ஒரு நம்பர்கூட கையில இல்ல.

கேள்வி: அப்பா தவறிட்டார். பீரோவுல புடவைக்கு அடியில 2007-ல போட்ட ஒரு ஃபண்டு பேப்பர் கிடைச்சுது. அந்தக் கம்பெனி பேரே இப்ப இல்ல. காசு போச்சா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: போகலம்மா. கம்பெனி கைமாறினாலும் யூனிட் புது கம்பெனிக்குத்தான் போயிருக்கும். பத்து வருஷமா யாரும் தொடாத ஃபோலியோவை, அதாவது ஃபண்டு கணக்கை, தேடுறதுக்குன்னே மித்ரான்னு ஒரு தளத்தை செபி 2025-ல கொண்டுவந்துச்சு, அதை நடத்துறது ஃபண்டு கணக்குகளைப் பராமரிக்கிற நம்ம சென்னை கேம்ஸும் ஹைதராபாத் கேஃபின்டெக்கும். அப்பாவோட பான் நம்பரை வெச்சுத் தேடுங்க. கிடைச்சதும் இறப்புச் சான்றிதழ், உங்க கேஒய்சி, பேங்க் விவரம் எல்லாம் கொடுத்து டிரான்ஸ்மிஷன், அதாவது யூனிட்டை உங்க பேருக்கு மாத்தித் தரச் சொல்லி, கேக்கணும். நாமினி போடாம இருந்தா வாரிசு சான்றிதழுக்குத் தாலுகா ஆஃபீஸ் நடையா நடக்கணும், அதையும் இப்பவே ஆரம்பிச்சிடுங்க. அப்படியே அந்த பீரோவுல இன்னொரு தடவை நல்லாத் தேடுங்க, ஒண்ணு போட்டவர் ஒண்ணோட நிறுத்தியிருக்க மாட்டார்.