இதய மாத்திரையும் வயிற்றில் ரத்தக்கசிவும்: சிஸ்டரிடம் கேள்வி பதில்

(இதய வார்டில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.)

கேள்வி (மார்த்தாண்டம்): சிஸ்டர், அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைத்து ஐந்து மாதம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் உண்டு. இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. பயந்து மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். சரிதானா?

பதில்: சரியில்லை தம்பி. இன்றே, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆனாலும் சரி, பக்கத்தில் எண்டோஸ்கோபி (வாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) உள்ள இடமானாலும் சரி. தாராகப் போவது பெரும்பாலும் இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசிந்த ரத்தம். அங்கே புண் இருந்தால் இந்த மாத்திரைகள் ரத்தத்தைச் சட்டென்று உறையவிடாது. ஆனால் முதல் சில மாதங்களில் இரண்டையும் ஒரேயடியாக விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். எதை நிறுத்துவது, எத்தனை நாள், எதைத் தொடர்வது என்பதெல்லாம் இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டியது. மாத்திரை அட்டைகளையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, நெஞ்சுவலி, ரத்த வாந்தி ஏதாவது இருந்தால் பைக்கில் ஏற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி (குளச்சல்): இரும்புச்சத்து மாத்திரைக்கும் கறுப்பாகத்தானே போகும்?

பதில்: போகும். ஆனால் ரத்தம் கலந்த மலத்தில் இருக்கிற பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் பொதுவாக அதில் இருக்காது. சந்தேகம் என்றால் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் பால்வெட்டு வேலை. முட்டுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன்.

பதில்: ஆஸ்பிரினோடு அந்த வலி மாத்திரை வேண்டாம் அண்ணே. இருட்டில் எழுந்து மரம் மரமாக நடக்கிறவருக்கு முட்டு வலிக்கத்தான் செய்யும், எனக்குப் புரிகிறது. ஆனால் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைக் கெடுக்கும். ஆஸ்பிரினும் அதையே செய்கிறது. போதாததற்கு ஐபுபுரூஃபன், ரத்தம் கட்டாமல் காக்கிற ஆஸ்பிரினின் வேலையையும் தடுக்கக்கூடும். பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், வயிற்றைக் காக்கிற மாத்திரை தேவையா என்றும் கேளுங்கள். குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் மட்டும், அந்த வயிற்று மாத்திரைகளில் ஒன்றான ஒமிபிரசோலை அவர்களாக வாங்கிப் போட வேண்டாம். அது குளோபிடோக்ரெலின் பலனைக் குறைக்கும்.

கேள்வி (தக்கலை): அம்மாவுக்கு 76 வயது. இதய வால்வு சுருக்கம் என்றார்கள். அடிக்கடி ஹீமோகுளோபின் 7-க்கு இறங்குகிறது, ரத்தம் ஏற்றுகிறோம். எண்டோஸ்கோபியில் புண் எதுவும் இல்லை. ஏன் சிஸ்டர்?

பதில்: சுருங்கியது அயோர்டிக் வால்வா (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) என்று பாருங்கள். அந்தச் சுருக்கத்துக்கும் குடல் ரத்தக்கசிவுக்கும் உள்ள தொடர்பை ஹெய்ட் என்ற மருத்துவர் 1958-லேயே எழுதினார். குறுகிய வால்வு வழியே ரத்தம் பீய்ச்சி அடிக்கும்போது, உறைவதற்கு உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் சிதைகிறது. குடல் சுவரில் வயதானவர்களுக்கு வரும் மெலிந்த ரத்தக்குழாய் முடிச்சுகள் அப்போது எளிதில் கசியும். சாதாரண எண்டோஸ்கோபிக்கு அவை எட்டாத இடத்திலும் இருக்கலாம். வால்வை மாற்றினால் பலருக்குக் கசிவு நின்றுவிடுகிறது. ரத்தம் குறைந்தால் இதயம் இன்னும் திணறும், அதனால் தள்ளிப் போடாதீர்கள் மக்களே. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் குடல் மருத்துவரிடமும், எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டை இதய மருத்துவரிடமும் காட்டுங்கள்.