விடிகிற பொழுதும் போகிற பொழுதும்

கேள்வி: டர்பனின் விடியற்காலைச் சந்தை இன்னும் பழைய கொட்டகையாகவே நிற்கிறது. 2009இல் மாநகராட்சி சொன்னபடி அந்த இடத்தில் மால் வந்திருந்தால் நமக்கும் ஒரு நல்ல பொழுதுபோக்கு இடம் கிடைத்திருக்குமே? (வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: பொழுதுபோக்கா? பொழுது போக்கத்தான் உம்ஷ்லாங்காவில் 2001 முதல் கேட்வே மால் இருக்கிறது, கடற்கரையில் 2004 முதல் உஷாகா கடல் பூங்கா இருக்கிறது. வார்விக் ஜங்ஷனில் நிற்கும் இந்தச் சந்தையோ பொழுது விடியுமுன் பிழைப்பைத் தொடங்குகிறவர்களின் இடம், அம்மா. சந்தைக்குப் பொழுதை வைத்துப் பெயரிட்டவர்கள் நாம். புகாரில் பகலில் கூடியது நாளங்காடி, மதுரையில் இரவில் கூடியது அல்லங்காடி. இதை நம் தமிழ் வகுப்புகளில் சொல்லிக்கொடுங்கள் என்று எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன்.

சரி, சந்தைக்கு வருகிறேன். 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்புக்காட்டு ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறி போட்டார்கள், கூடையில் சுமந்து விற்றார்கள். அந்த வியாபாரம் 1910இல் சந்தையானது. நூறு வயது நெருங்கும்போது, 2010 கால்பந்து உலகக் கோப்பை வருகிற நேரம் பார்த்து அதை இடிக்கக் கிளம்பினார்கள். வியாபாரிகள் தெருவில் நின்றார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், கடைசியில் திட்டம் போயிற்று. "அழுக்குச் சந்தை போனால் போகட்டும்" என்று அப்போது நமக்கே கடிதம் எழுதிய தமிழ்ப் பெரியவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மால் கட்டுகிறவர்களுக்கு அந்த மூலைமேல் ஏன் கண்? ரயில், பஸ், டாக்ஸி எல்லாம் கூடுகிற இடம். நாளொன்றுக்கு 4,60,000 பேர் கடக்கிறார்கள் என்பது கணக்கு. ரயிலைவிட்டு இறங்குகிறவர் நேரே மாலுக்குள் நுழைந்துவிட்டால், கீரை விற்கிறவர் யார் கண்ணில் படுவார்? கூரை ஒழுகினால் கூரையை மாற்றட்டும். கழிப்பறை போதாவிட்டால் கட்டட்டும்.

போன சனிக்கிழமை அங்கே மதும்பிக் கிழங்கு (நம் சேப்பங்கிழங்குதான்) வாங்கினேன். விற்ற ஜூலு அம்மா ஒவ்வொரு கிழங்கையும் தட்டி மண்ணை உதிர்த்துப் பையில் போட்டு, இரண்டு கிழங்கு கொசுறும் வைத்தார். அடுத்த கடையில் நம் பாட்டி ஒருவர், கொத்தமல்லிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் சும்மா செருகினார். மாமியார் விட்டுப்போன கடையாம் அது. அவர் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அழுகல் மிளகாயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.