கடலடித் தொலைநோக்கி: கேள்விகளும் பதில்களும்

மத்தியதரைக் கடலுக்கு அடியில் இருக்கும் கேஎம்3நெட் என்ற நியூட்ரினோ தொலைநோக்கி, அதுவரை எந்த நியூட்ரினோவிலும் யாரும் கண்டிராத ஆற்றலோடு வந்த ஒன்றை 2023இல் பதிவு செய்தது. மின்னூட்டமே இல்லாத, மிக மிக லேசான அடிப்படைத் துகள் நியூட்ரினோ. 2025 பிப்ரவரி 12 அன்று நேச்சர் இதழில் அந்த ஆய்வு வெளியானது. கல்லூரியில் இயற்பியல் நடத்துபவள் என்பதால் இதைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கடலில் ஆர்வம் உள்ளவர்களும் வாசியுங்கள், பாதிக் கதை உங்களுடையது.

மேடம், தொலைநோக்கி என்றால் மலை உச்சியில் வைப்பார்கள். இதை எதற்குக் கடலடியில் வைத்திருக்கிறார்கள்?

நியூட்ரினோ எதிலும் சிக்காது. சூரியனிலிருந்து வருபவை மட்டுமே உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தை நொடிக்குப் பல ஆயிரம் கோடி என்ற கணக்கில் கடந்து போகின்றன. ஒன்றாவது எதிலாவது மோத வேண்டுமென்றால், அதன் வழியில் பிரம்மாண்டமான பொருள் இருக்க வேண்டும். அது ஒளி ஊடுருவும் பொருளாகவும், இருட்டான இடமாகவும் இருக்க வேண்டும். இவை மூன்றும் கேட்காமலே கிடைக்கிற இடம் ஆழ்கடல். ஏரியையோ கடலையோ இப்படிப் பயன்படுத்தலாம் என்று 1960இலேயே சொன்னவர் சோவியத் இயற்பியலாளர் மார்க்கோவ்.

மோதலில் மியூவான் என்ற மின்னூட்டம் உள்ள துகள் பிறக்கும். தண்ணீருக்குள் ஒளி செல்லும் வேகத்தை விட அது வேகமாகப் பாயும். படகு முன்னே போக, இரு பக்கமும் அலை விரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல மியூவானுக்குப் பின்னே நீல ஒளி கூம்பாக விரியும். இதற்குப் பெயர் செரன்கோவ் ஒளி. கருவி பார்ப்பது இந்த ஒளியைத்தான்.

அந்தக் கருவி எப்படி இருக்கும்? 3 கிலோமீட்டர் ஆழத்தில் எப்படி இறக்குகிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சிசிலித் தீவின் தென்கிழக்கு முனையான கப்போ பாசெரோவுக்கு அப்பால், 3,450 மீட்டர் ஆழத்தில் ஆர்கா என்ற பிரிவு இருக்கிறது. பிரான்சின் தூலோன் நகருக்கு அப்பால், 2,450 மீட்டர் ஆழத்தில் ஓர்கா என்ற பிரிவு.

ஒவ்வொரு கண்ணாடிக் கோளமும் 43 சென்டிமீட்டர் விட்டம், பெரிய தர்பூசணி அளவு. அதற்குள் மிக மங்கிய ஒளியையும் உணரும் 31 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் எல்லாத் திசையும் பார்த்தபடி இருக்கும், ஈயின் கண்ணைப் போல. இப்படி 18 கோளங்களை ஒரே வடத்தில் கோக்கிறார்கள். ஆர்காவில் ஒரு வடத்தின் உயரம் சுமார் 700 மீட்டர்.

அவ்வளவு நீள வடத்தை விரித்த நிலையில் இறக்க முடியாது. நூற்கண்டு மாதிரி ஓர் உருண்டைச் சட்டத்தின் மேல் சுற்றி, கப்பலிலிருந்து கடல்தரை வரை இறக்குவார்கள். தரை தொட்டபின் பிடியை விடுவித்தால், சட்டம் உருண்டு உருண்டு மேலே மிதந்து வரும். வரவர வடம் அவிழ்ந்து நிமிர்ந்து நிற்கும். சட்டத்தை எடுத்து அடுத்த வடத்துக்குப் பயன்படுத்துவார்கள். அடியில் கேபிள் சொருகுவது ரோபோவின் வேலை.

2023இல் என்னதான் நடந்தது?

பிப்ரவரி 13, இத்தாலியில் அதிகாலை 2 மணி தாண்டியிருந்தது. ஆர்காவில் திட்டமிட்டது 230 வடங்கள், அப்போது வேலை செய்தவை 21 மட்டுமே. அந்தச் சின்னக் கருவியின் குழாய்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நேரத்தில் ஒளியைக் கண்டன.

துகள் வந்தது கிட்டத்தட்டப் படுக்கை வாக்கில், தொடுவானத்துக்கு 0.6 பாகை மேலிருந்து. கோணம் இங்கே முக்கியம். நேர் மேலிருந்து வந்திருந்தால், காற்றுமண்டலத்தில் உண்டாகும் சாதாரண மியூவான் என்று தள்ளியிருப்பார்கள். படுக்கையாக வந்தால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பாறையும் நீரும் குறுக்கே நிற்கும். எந்த மியூவானாலும் அவ்வளவு தூரம் தாங்க முடியாது. ஆக, நியூட்ரினோ ஒன்று அந்தத் தூரம் வந்து, கருவிக்கு அருகில் மோதி, மியூவானைப் பிறப்பித்திருக்க வேண்டும்.

220 பெட்டா எலக்ட்ரான்வோல்ட் என்கிறார்களே, அது எவ்வளவு?

எலக்ட்ரான்வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு; பெட்டா என்பது டெராவைப் போல் ஆயிரம் மடங்கு. பிங்பாங் பந்தை ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விட்டால், தரையில் மோதும்போது ஏறக்குறைய அவ்வளவு ஆற்றல் இருக்கும். கேட்க அற்பமாக இருக்கிறதா? அந்தப் பந்தில் உள்ள அணுக்களை எண்ணி மாளாது. இங்கே அத்தனையும் ஒரே ஒரு துகளிடம். ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் ஒரு புரோட்டானுக்குக் கொடுப்பது 6.8 டெரா எலக்ட்ரான்வோல்ட். இது அதைப்போல் சுமார் 32,000 மடங்கு. ஆனால் 220 என்பது மதிப்பீட்டின் நடு எண்தான். உண்மை 110க்கும் 790க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம்.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததைப் பார்த்தேன். ஆழ்கடலிலும் அப்படி உயிர்கள் ஒளிருமே, கருவி குழம்பாதா?

குழம்பும். நீங்கள் பார்த்தது மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர், அலை அடித்தால் மின்னுவது. ஆழத்தில் பாக்டீரியா முதல் ஜெல்லி வகைகள் வரை ஒளிரும் உயிர்கள் ஏராளம். கடலுப்பில் இருக்கும் கதிரியக்கப் பொருளான பொட்டாசியம்-40 சிதைவதாலும் மங்கலான ஒளி ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். மியூவான் ஒளி நானோநொடிக் கணக்கில், வரிசை பிசகாமல் குழாய்களைத் தொட்டுப் போகும் என்பதால் பிரித்துவிடலாம்.

இதே தூலோன் கடலில் கேஎம்3நெட்டுக்கு முன்னால் அன்டாரஸ் என்ற கருவி 2022 வரை இயங்கியது. 2009, 2010 ஆண்டுகளின் வசந்தத்தில் அதன் குழாய்களை ஒளி வெள்ளம் மூழ்கடித்தது. இயற்பியலாளர்களுக்கு அது தொல்லை. கடலியல் அறிஞர்களைக் கூட்டிக்கொண்டு காரணத்தைத் தேடினார்கள். குளிர்காலக் காற்று, பிரான்சின் தென்கரையை ஒட்டிய லயன் வளைகுடாவின் மேல்நீரைக் குளிரவைக்கிறது; கனத்த நீர் அடிக்கு இறங்குகிறது; கூடவே ஆக்சிஜனும் உணவும் இறங்குகின்றன; 2,000 மீட்டருக்குக் கீழே பட்டினி கிடந்த உயிர்கள் பெருகி ஒளிர்கின்றன. மேலே அடித்த குளிர்காற்றுக்கு ஆழ்கடல் சில வாரங்களில் பதில் சொல்லியிருக்கிறது. 2013இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. நியூட்ரினோ தேடப் போட்ட கண், இருட்டில் நடக்கும் அந்த வாழ்க்கையை வருடக்கணக்கில் இமைக்காமல் பார்த்ததால் கிடைத்த அறிவு இது. ஆராய்ச்சிக் கப்பல் எத்தனை முறை போய்வந்தாலும் இப்படித் தொடர்ந்து பார்த்திருக்க முடியாது.

அக்கா, திமிங்கிலச் சத்தமும் கேட்டதாமே? நான் கடல்சார் உயிரியல் படிக்கிறேன்.

ஆமாம்மா. நியூட்ரினோ மோதும்போது மெல்லிய ஒலியும் எழ வேண்டும், அதைக் கேட்க முடியுமா என்று பார்க்க, 2005இல் சிசிலியின் கட்டானியாவுக்கு அப்பால் சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில் நான்கு நீரொலி வாங்கிகளை இறக்கினார்கள். மணிக்கு 5 நிமிடம் பதிவு. அதில் திரும்பத் திரும்ப வந்தது டக், டக் என்ற ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் சொடுக்கொலி. நம் ஊர்ச் செய்திகளில் அம்பர்கிரீஸ் கடத்தல் என்று அடிபடுகிறதே, அந்த அம்பர்கிரீஸைத் தரும் திமிங்கிலம்தான்.

சொடுக்கொலியை உற்றுக் கேட்டால் ஒரே சொடுக்குக்குள் பல துடிப்புகள் இருக்கும். ஒலி அதன் பெரிய தலைக்குள் முன்னும் பின்னும் மோதித் திரும்புவதால் வருபவை அவை. தலை நீளமானால் இடைவெளி கூடும். அந்த இடைவெளியை அளந்தே உடல் நீளத்தைக் கணக்கிட்டார்கள்: ஏறக்குறைய 7.5 மீட்டர் முதல் 14 மீட்டர் வரை. ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. மத்தியதரைக் கடலில் அழியும் நிலையில் இருக்கும் இனம் இது. குட்டிகள், தாய்கள், பெரிய ஆண்கள் என யார் அந்த வழியாகப் போகிறார்கள் என்று அறிய இதைவிட மென்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை. உன் படிப்புக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது. ஒலிப் பகுப்பாய்வு கொஞ்சம் கற்றுக்கொள்.

ஐஸ்கியூப் இதைவிடப் பெரியது. அது இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அப்படியானால் இது தவறா?

நல்ல கேள்வி, நிபுணர்களே இதைத்தான் கேட்கிறார்கள். தென்துருவப் பனிக்குள் 86 வடங்களோடு, ஒரு கன கிலோமீட்டரைப் பார்த்தபடி 2011 முதல் முழு அளவில் இயங்கும் கருவி ஐஸ்கியூப். அது கண்டவை 10 பெட்டா அளவோடு நின்றுவிட்டன. சிறிய கருவிக்கு முதலில் சிக்கியது அதிர்ஷ்டம்தான். அளவீடு தவறு என்பதற்கு இதுவரை சான்று இல்லை. ஆனாலும் கையில் இருப்பது ஒரே நிகழ்வு. இன்னொன்று வராமல் பெரிய கோட்பாடு எதையும் இதன் மேல் கட்டக் கூடாது என்பது என் கருத்து.

என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். அங்கேயும் நியூட்ரினோ ஆய்வு நடந்ததாகச் சொல்வார். உண்மையா?

முழு உண்மை. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாக 1965இல் பதிவு செய்த இரண்டு இடங்களில் கோலார் ஒன்று. மற்றது தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்தன. உங்கள் தாத்தாவைப் போன்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாகத் தோண்டிய சுரங்கம் அது. அவர் சொன்னதை எல்லாம் எழுதி வையுங்கள்.

சரி, அது எங்கிருந்து வந்தது?

அது வந்த திசையின் சுற்றுப்புறத்தில் 17 பிளேசார்களை, அதாவது நம் பக்கம் துகள்களைப் பீய்ச்சும் கருந்துளைகள் கொண்ட விண்மீன் மண்டலங்களை, ஆராய்ந்தார்கள். எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அண்டக் கதிர், அதாவது விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் அதிவேகத் துகள், ஒன்று பெருவெடிப்பின் மிச்ச ஒளியில் மோதிப் பிறந்ததாகவும் இருக்கலாம்.

திசை மட்டும் ஓரளவு தெரியும். பிப்ரவரி இரவில் திருவாதிரை விண்மீனிலிருந்து சிரியஸுக்கு மனசுக்குள் ஒரு கோடு போடுங்கள். பாதியைச் சற்றுத் தாண்டி, கோட்டுக்கு லேசாக மேற்கே இருக்கும் இருட்டான இடம் அது. அன்று அதிகாலை சிசிலியில் அந்த இடம் மேற்கே மறைவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. துகள் படுக்கை வாக்கில் வந்தது அதனால்தான்.